கோடு போட்ட சுறா

வில்லாபுரத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டியதில்லை. காலையில் முத்துமீனாவின் மீன்கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும். மற்ற நாளில் மீன்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆம்பிளைகள்கூடக் கையில் ஒரு பையோடு வந்து, சங்கரா வாங்குகிற கூட்டம் விலகட்டும் என்று ஓரமாக நிற்பார்கள். பிறகு குனிந்து, "யக்கா, பால்சுறா இருக்கா?" என்பார்கள். மருந்துக்கடையில் வெளியே சொல்லக்கூடாத மருந்தைக் கேட்பது மாதிரி இருக்கும்.

முத்துமீனா உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள். என்ன பிள்ளை, சுகப்பிரசவமா ஆபரேசனா, தாய்க்குப் பால் எப்படி என்று எல்லாவற்றையும் விசாரிப்பாள். கேட்பவனுக்குக் காது சிவந்துபோகும். அப்புறம்தான் தெர்மக்கோல் பெட்டிக்குள் கையை விட்டு, முழ நீளம்கூட வராத ஒரு சுறாவை எடுத்து மல்லாக்கப் போடுவாள். அடிவயிறு வெள்ளை வெளேரென்று இருக்கும். இரண்டு பக்க றெக்கைக்கும் நடுவில், நெஞ்சுக்குழியில், நகத்தால் கீறின மாதிரி சின்னதாக ஒரு கோடு.

"பாத்துக்க. கோடு போட்டது. இதுதான் அசல் பால்சுறா. கோடு இல்லாதத எவன் குடுத்தாலும் வாங்காத."

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமா, சுறாப்புட்டு போடு என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கோடு பார்த்து வாங்க வேண்டும் என்பது முத்துமீனா கிளப்பிவிட்டது. தொழிலுக்கு வந்த புதிதில், கோடு போட்டது வெந்தால் பஞ்சு மாதிரி உதிர்வதையும் கோடு இல்லாதது நார்நாராக நிற்பதையும் அவளாகவே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அதுதான் அவள் முத்திரை. அரிவாள்மனையில் வயிற்றைக் கீறும்போதும் அந்தக் கோட்டில் வைத்துத்தான் ஆரம்பிப்பாள். கத்தி வைக்க ஆண்டவனே இடம் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று சிரிப்பாள். அவளைப் பார்த்து அவனியாபுரம் வரைக்கும் மீன் விற்கிற பெண்கள் எல்லோரும் "கோடு போட்டது, கோடு போட்டது" என்று கூவ ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில்தான் இப்போது பால் இல்லாமல் ஒரு பச்சைப் பிள்ளை கத்திக்கொண்டு கிடந்தது.

மகள் பவதாரிணிக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் இருந்து தாய்வீட்டுக்குக் கூட்டிவந்தும் பால் சரியாக ஊறவில்லை. குழந்தை நாலு இழுப்பு இழுக்கும், ஒன்றும் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடும். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த பவுடரைக் கரைத்துச் சங்கில் புகட்டினால் பாதியைக் கக்கிவிடும். பிள்ளை பிறந்தபோது இருந்த எடை இப்போது இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸம்மா, கொஞ்ச நாள் பார்ப்போம், இல்லையென்றால் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து முத்துமீனாவுக்கு ஒரு கவளம் சோறு இறங்கவில்லை.

வீட்டில் மருந்து இருக்கிறது, மகள் தின்ன மாட்டேன் என்கிறாள். இதுதான் வீட்டுச் சண்டை.

பவதாரிணி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் யுனிவர்சிட்டியில் விலங்கியல் படித்தவள். படித்து முடித்ததும் சுறாக்களைக் காப்பாற்றுகிற ஒரு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் அப்பன் சங்கிலி, "மதுரையில ஏதுத்தா கடலு? தெப்பக்குளத்துல போயி சுறா தேடப்போறியா?" என்று கேட்டதை இன்றைக்கும் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளோ, பிடிக்கிறவர்கள்தான் கடற்கரையில் இருக்கிறார்கள், தின்கிறவர்கள் இங்கேதானே இருக்கிறோம் என்பாள். பள்ளிக்கூடம், மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு என்று ஃப்ளெக்ஸ் பேனரைத் தூக்கிக்கொண்டு அலைவாள். எந்தெந்தச் சுறாவைப் பிடிக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது, மற்றதிலும் குட்டியை ஏன் விட்டுவிட வேண்டும் என்று தொண்டை கட்டப் பேசுவாள்.

ஒருநாள், ஐந்து மாத வயிற்றோடு, அம்மாவின் கடை இருக்கிற தெருவுக்கே வந்துவிட்டாள். சுறா மற்ற மீன் மாதிரி லட்சக்கணக்கில் முட்டை போடாது, நம்மைப் போல வளர்ந்து ஆளாக வருசக்கணக்காகும், பெறுவதும் கொஞ்சம் குட்டிதான் என்று மைக்கில் சொன்னாள். கரையோரத்தில் ஆழமில்லாத இடமாகப் பார்த்து, ஆறு வந்து சேருகிற இடம், புல் முளைத்த இடமாகப் பார்த்துத் தாய்ச்சுறா குட்டி போட வருகிறது, சிலது தான் பிறந்த இடத்துக்கே திரும்பி வருகிறது என்றாள். அதற்குமேல் சொன்னதுதான் எல்லோருக்கும் பிடித்துப்போனது. "சுறாவும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குத்தாங்க வருது. அந்தத் தாய்வீட்டத்தான் நாம வலையப் போட்டு அள்ளுறோம், மண்ணப் போட்டு மூடுறோம்."

ஜனங்கள் கைதட்டினார்கள். தட்டிவிட்டு, நேராக முத்துமீனா கடைக்கு வந்து கோடு போட்டது இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆத்தாக்காரி விக்கிறா, மகக்காரி விக்காதேங்கிறா என்று பக்கத்துக் காய்கறிக்கடை அழகுமலை ஒரு வாரத்துக்குச் சொல்லித் திரிந்தார். முத்துமீனா அந்த ஒரு வாரமும் மகளோடு பேசவில்லை. தன் கடை முன்னால் வந்தா இதைச் சொல்ல வேண்டும் என்ற ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. சொன்னது என்ன என்பது காதில் ஏறவே இல்லை.

உசிலம்பட்டியில் இருந்து சம்பந்தி சுந்தரம்மாள் பேத்தியைப் பார்க்க வந்தாள். பை நிறையப் பூண்டு, கருப்பட்டி, வெள்ளைத் துணி. குழந்தையை மடியில் போட்டுத் தடவிப் பார்த்தவள் முகம் சுருங்கிப்போனது. அவள் கத்திப் பேசுகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"மதினி, ஊருக்கெல்லாம் சுறா குடுக்குறீக. எம் பேத்தி தொண்ட வறண்டு கெடக்கு. உங்க மகளுக்கு ஒரு துண்டு போட மாட்டீகளா?"

"நான் போட மாட்டேன்னா சொல்றேன். அவ திங்க மாட்டேங்குறாளே."

"திங்க மாட்டேன்னா விட்டுருவீகளா? எங்கூட்டு மாடு பருத்திக்கொட்ட திங்க மாட்டேன்னாலும் வாயத் தொறந்து ஊட்டத்தான் செய்வோம்."

மாப்பிள்ளை அருண்பாண்டி வாசலில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பக்கமும் பேச முடியாமல், ஆத்தா பக்கமும் பேச முடியாமல், போனில் ஒன்றுமே இல்லாமல் விரலைத் தள்ளிக்கொண்டிருந்தான். பாவம், நல்ல பையன்தான்.

சம்பந்தி பஸ் ஏறினபிறகு முத்துமீனா மகளிடம் போய் உட்கார்ந்தாள். சண்டை போடத்தான் போனாள். மகள் தலையணையில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, சுறா தின்னா பால் வரும்னு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லம்மா. நானும் தேடிப் பாத்துட்டேன்."

"புஸ்தகத்தப் பாத்தா புள்ள பெத்த?"

"இல்ல. அதாம்மா எனக்கும் கொழப்பமா இருக்கு. ஒருவேள நெசமா இருந்து, நான் வீம்புக்குத் திங்காம இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா? தின்னுட்டா மட்டும்? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னொருத்திகிட்ட வேணாம்னு சொல்லுவேன்? எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா."

முத்துமீனாவுக்கும் தெரியவில்லை. மகள் அடம்பிடித்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இப்படிக் குழம்பிப்போய் அழுகிறவளை என்ன சொல்வது? தலையைத் தடவிவிட்டு எழுந்து வந்தவள் ஒரு முடிவோடுதான் வந்தாள். கேட்டால்தானே வேண்டாம் என்பாள். சுறாவையே விரால் என்று சொல்லிப் போட்டுவிட்டால்?

மறுநாள் விடிகாலையில் மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். ஐஸ் தண்ணீர் கணுக்கால் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ராமநாதபுரம் பக்கத்து லாரிகளில் இருந்து பெட்டிகளைத் தள்ளி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கமிசன்கடை பரீத் அவளைக் கண்டதும் ஏலத்தை விட்டுவிட்டு வந்தார்.

"என்னக்கா, பொம்பளப் புள்ளையாமே. மாஷா அல்லாஹ். அல்லாவோட பரக்கத்து வந்துருக்கு வீட்டுக்கு."

"பரக்கத்து இருக்கு பாய். பாலுதான் இல்ல."

பரீத் உள்ளே போய்த் தனியாக எடுத்துவைத்திருந்த சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். மூன்று சுறா. மூன்றையும் அவரே திருப்பிக் காட்டினார். கோடு செக்கச்செவேல் என்று, இன்னும் மூடாமல் இருந்தது.

"உங்களுக்குன்னே எடுத்து வச்சேன். இப்பெல்லாம் பெருசு வர்றதே இல்லக்கா. எங்க வாப்பா காலத்துல ஆள் நீளத்துக்கு வரும். இப்ப வர்றது பூராம் பொடிசு. அதுவும் கொறஞ்சு போச்சு. என்னான்னே வெளங்கல."

விளங்காததைப் பற்றி யோசிக்க முத்துமீனாவுக்கு அன்றைக்கு நேரம் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கடை திறக்கவில்லை. அடுப்படியில் பூண்டை உரித்து, சின்ன வெங்காயத்தைப் பொடிசாக அரிந்து, பச்சைமிளகாயைக் கீறிவைத்தாள். உலையில் மஞ்சள் போட்டாள். சுறாவை முழுசாக வேகவைத்துத் தோலை உரித்து, பிழிந்து, உதிர்த்துப் பூண்டோடு வதக்கிவிட்டால் விராலா சுறாவா என்று யாருக்குத் தெரியப்போகிறது? வயிற்றைச் சுத்தம் பண்ண மூன்றையும் தாம்பாளத்தில் மல்லாக்கப் போட்டு, அரிவாள்மனையை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உள்ளே குழந்தை வீறிட்டது. மகள் குளிக்கப் போயிருந்தாள். முத்துமீனா கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள். துணி நனைந்திருந்தது. மாற்றுவதற்காகக் குழந்தையை மல்லாக்கப் போட்டு விரித்தபோது, துணியோடு தொப்புள்கொடியின் காய்ந்த துண்டும் கழன்று வந்தது. விழுந்த இடத்தில் ஈரமாக, செக்கச்செவேல் என்று, சின்னதாக ஒரு வாய். அதைத் துணிமுனையால் ஒற்றினாள். பவுடர் போட்டாள். தோளில் போட்டுத் தட்டி, அழுகை ஓய்ந்ததும், குளித்து வந்த மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

தாம்பாளத்தில் மூன்றும் மல்லாந்து கிடந்தன.

அரிவாள்மனையில் உட்கார்ந்தவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். கோட்டில் வைக்க வேண்டும். வைக்க வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்கே புரியவில்லை. எழுந்து, ஈரக் கையோடு உள்ளறை நிலைப்படியில் போய் நின்றாள்.

"ஏத்தா, சுறாவுக்கு நெஞ்சுல ஒரு கோடு இருக்குமே. அது எதுக்கு?"

பவதாரிணி நிமிர்ந்து பார்த்தாள். இந்த வேலைக்குப் போன நாளில் இருந்து அம்மா அவளிடம் சுறாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவ்வளவு அசதியிலும் அவள் முகம் தெளிந்தது.

"அது தொப்புள்ம்மா."

"மீனுக்கு ஏதுடி தொப்புளு?"

"எல்லாச் சுறாவுக்கும் கெடையாது. சிலது நம்மள மாதிரியேதாம்மா. வயித்துக்குள்ள கொடியோட வளரும். குட்டி வெளிய வந்ததும் கொடி அந்துபோயி அந்த எடம் கோடா இருக்கும். கொஞ்ச நாள்ல மூடிக்கிரும். கோடு தொறந்திருந்தா இப்பத்தான் பொறந்ததுன்னு அர்த்தம். பெரிய சுறாவோட குட்டியாக்கூட இருக்கும். ஏம்மா கேக்குற?"

"சும்மாதான்."

அடுப்படிக்குத் திரும்பி வந்து முத்துமீனா அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தாள். உலைத் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. இத்தனை வருசமாக எத்தனை பேருக்கு மல்லாக்கப் போட்டுக் காட்டியிருக்கிறாள். பாத்துக்க, பாத்துக்க என்று விரலை வைத்து வைத்துக் காட்டியிருக்கிறாள். நெத்திலியும் சின்னதுதான், செத்தது செத்துத்தான் போனது, இதற்கெல்லாம் மீன்காரி கலங்கினால் பொழைக்க முடியுமா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பேத்திக்குப் பால் வேண்டுமே என்று சொல்லிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கை மட்டும் போகவில்லை. கடைசியில் மூன்றையும் திரும்ப ஐஸில் புதைத்து மூடிவிட்டு, பூண்டை மட்டும் பாலில் வேகவைத்துக் கொண்டுபோய் மகளுக்குக் கொடுத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சம்பந்தி போன் பண்ணினாள். சுறா போட்டீர்களா என்றாள். முத்துமீனா அலுத்துப்போய், போட்டாச்சு மதினி என்று சொல்லி வைத்துவிட்டாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள் இல்லை, வியாபாரிதான். ஆனால் இந்தப் பொய் இப்படி வளரும் என்று அவள் நினைக்கவில்லை.

நர்ஸம்மா திரும்ப வந்தாள். பிள்ளையைப் பிடிக்கிற விதமே சரியில்லை என்று, உட்காரவைத்து, திருப்பிவைத்து, வாய் நிறையக் கவ்வவைத்து, அழுதாலும் விடாமல் அடிக்கடி வைக்கச் சொன்னாள். அதனாலோ, பூண்டினாலோ, ஊறுகிற நேரம் வந்து ஊறினதோ, ஒருநாள் காலையில் பவதாரிணியின் ரவிக்கை நனைந்து கிடந்தது. குழந்தை குடித்துவிட்டு வாயோரம் பால் வழியத் தூங்கியது. அருண்பாண்டி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். முத்துமீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்குப்பிறகுதான் ஒரு தட்டுச் சோறு தின்றாள்.

கடையைத் திறந்தாள். சங்கரா வைத்தாள், மத்தி வைத்தாள், நண்டு வைத்தாள். சுறாப் பெட்டியை மட்டும் கீழே தள்ளி, அதன்மேல் சாக்கைப் போட்டாள். அந்த மூன்றும் அதற்குள்தான் கிடந்தன. விற்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. தினமும் புது ஐஸை மட்டும் கொட்டினாள். சங்கிலி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, பெருமாள் கோயில் தேர் மாதிரி நிறுத்தி வச்சிருக்க?" என்று கேட்டான். அவள் மூடியை வாங்கித் திரும்பச் சாத்தினாள்.

அப்போதுதான் காளை வந்தான். உசிலம்பட்டிக்காரன். பஸ்ஸில் வந்த வியர்வையோடு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கடை முன்னால் நின்றான்.

"யக்கா, சுந்தரம்மா அத்த சொல்லி வாரேன். எம் பொண்டாட்டி பெத்துருக்கா. பால் இல்ல. உங்க மகளுக்குப் போட்ட சுறா இருக்குல்ல, அதே மாதிரி கோடு போட்டது வேணும். ஒரே வாரத்துல அருவி மாதிரி ஊறுச்சாமே?"

முத்துமீனா பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். சாக்கின் அடியில் மூன்று இருக்கிறது. இவன் வீட்டில் ஒரு பிள்ளை கத்திக்கொண்டு கிடக்கிறது. உண்மையைச் சொன்னால் சம்பந்தி முன்னால் பொய்க்காரி ஆக வேண்டும். இருந்தும் சொல்லிவிட்டாள்.

"தம்பி, எம் மக சுறாவே சாப்புடல. நான்தான் உங்கத்தகிட்டப் பொய் சொன்னேன். பூண்டுதான் குடுத்தேன். புள்ளையப் பிடிக்கிற பக்குவம் சரியில்லாம இருந்துச்சு, நர்ஸம்மா வந்து சொல்லிக்குடுத்தாக. உங்க ஊரு நர்ஸக் கூட்டிப் போயிக் காட்டு."

காளை அவளையே பார்த்தான். பிறகு ரொம்ப மரியாதையாகச் சிரித்தான்.

"புரியிதுக்கா. கண்ணு பட்டுரும்ல. நீங்க மறைக்கிறது நியாயந்தான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"கண்ணுமில்ல ஒண்ணுமில்ல. நெசமாத்தான் சொல்றேன். அந்தக் கோடு அதோட தொப்புளுப்பா."

"சரிக்கா, சரிக்கா" என்றான். இருப்பு இல்லை, அதைச் சொல்ல அக்காவுக்குக் கூச்சம் என்று அவன் முடிவு கட்டிவிட்டது முகத்திலேயே தெரிந்தது. கும்பிடு போட்டுவிட்டுத் தெருமுனை மீன்கடைக்கு நடந்தான். அங்கே கடைக்காரி ஒரு சுறாவை எடுத்து மல்லாக்கப் போட்டு விரலை வைத்துக் காட்டுவதை முத்துமீனா இங்கிருந்தே பார்த்தாள். அப்படியே அவள் காட்டுகிற மாதிரி.

கொஞ்ச நேரத்தில் காளை பையோடு திரும்பி வந்தான்.

"யக்கா, தப்பா எடுத்துக்காதீக. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிருங்க. அசல்தான?"

பையைப் பிரித்து, அவனே சுறாவைப் புரட்டினான். முத்துமீனாவின் விரல் பழக்கத்தில் தானாகவே அந்த இடத்துக்குப் போய்விட்டது. கோடு திறந்திருந்தது. விரலை எடுத்துக்கொண்டாள்.

"பச்சப்புள்ளப்பா இது. பொறந்து நாலு நாள்கூட ஆயிருக்காது."

காளையின் முகம் மலர்ந்தது. "அப்ப நல்ல இளசு" என்றான். பையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போனான்.

முத்துமீனா கடையைப் பாதியில் எடுத்துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள். உள்ளே பவதாரிணி சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் அவளுடைய ஃப்ளெக்ஸ் பேனர் சுருட்டியபடி நின்றது. முத்துமீனா மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். விரால் என்று ஏமாற்றப் பார்த்தது, பெட்டியில் கிடக்கிற மூன்று, சம்பந்தியிடம் சொன்ன பொய், உசிலம்பட்டிக்காரன் வந்தது, எதையும் விடவில்லை.

"மூஞ்சிக்கு நேரா, பச்சப்புள்ளடாங்கிறேன். இளசுங்கிறான். பொய் சொன்னப்ப ஊரே நம்புச்சு. நெசத்தச் சொன்னா ஒருத்தன் காதுல ஏற மாட்டேங்குதேடி."

பவதாரிணி அம்மாவின் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெனமும் இப்படித்தாம்மா."

முத்துமீனா மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து மாத வயிற்றோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் கடை முன்னால் நின்ற மகளை அப்போதுதான் முழுசாகப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"பெறகு எப்படித்தா மறுநாளும் கெளம்பிப் போற?"

 குழந்தை வாயை விட்டுவிட்டு அழ ஆரம்பித்ததும், பவதாரிணி அழுதாலும் விடாமல் அதை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.